அரசு தரப்பு கோப்பைத் தர மாட்டேங்குது, வியாழன் வாய்தா, அவசரம்

மணிமாறன்:
அப்பாவோட பணிநீக்க வழக்கு. விசாரணைக் கோப்பைக் கேட்டு மனு போட்டோம். "பொதுநலன் பாதிக்கும், தர முடியாது"ன்னு அரசு வக்கீல் சொல்லிட்டார். ஜட்ஜ் அதை அப்படியே ஏத்துக்கணுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கயல்:
சிவில் வழக்கா, ஹைகோர்ட்ல நேரா போடுற ரிட் மனுவா? எந்த வருஷம் போட்டது? கோப்புல என்ன வேணும், சாட்சிகள் வாக்குமூலமா, மேலதிகாரிங்க எழுதின குறிப்பா? அவங்க அபிடவிட் (சத்தியம் செஞ்சு எழுதித் தர்ற வாக்குமூலம்) ஏதாவது போட்டாங்களா?

தகவல்தோழன்:
கோர்ட்டை நம்பி உட்காராதீங்க. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்க. 8(2) பிரிவுப்படி, வெளியிடுறதால வர்ற பொதுநலன், அதனால வர்ற பாதிப்பை விடப் பெரிசுன்னா கொடுக்கலாம். நான் எல்லாருக்கும் சொல்றது இதைத்தான்.

கயல்:
அதுக்கு 30 நாள் ஆகும் தோழரே. வாய்தா வியாழக்கிழமை.

சட்டநாதன்:
இங்கே கேள்வி கேட்பவர்கள் ஒருமுறையாவது சட்டத்தைப் புரட்டிவிட்டு வரலாம். சாட்சியச் சட்டம் 123: வெளியிடப்படாத அரசுப் பதிவேடுகளைச் சாட்சியமாக்கத் துறைத்தலைவரின் அனுமதி வேண்டும். 1961-ல் சோதி சுக்தேவ் சிங் வழக்கு, அதுவும் பணிநீக்கம்தான். அரசு ஆவணங்களைத் தர வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். முடிந்தது.

இளந்திரையன்:
முடியல ஐயா. 1975 ராஜ் நாராயண் வழக்கை விட்டுட்டீங்க. அபிடவிட்டில் திருப்தி இல்லன்னா ஆவணத்தை நீதிபதியே வாங்கிப் பார்க்கலாம்னு அதுல சொல்லியாச்சு. 1981 எஸ்.பி. குப்தா வழக்குல சட்ட அமைச்சரும் தலைமை நீதிபதிகளும் எழுதிக்கிட்ட கடிதங்களையே வெளியிடச் சொன்னாங்க.

சட்டநாதன்:
எஸ்.பி. குப்தா தீர்ப்பு 1993-லேயே இன்னொரு தீர்ப்பால் மாற்றப்பட்டுவிட்டது. அரைகுறையாகப் படிக்காதீர்கள்.

இளந்திரையன்:
1993-ல மாறினது நீதிபதி நியமனத்துல யார் கருத்துக்கு முதலிடம்ங்கிற பகுதி. ஆவணம் பத்தின பகுதியைத் தொடவே இல்ல. மீடியாஒன் டிவி சேனல் வழக்குல வந்த 2023 தீர்ப்பையும் படிங்க. தேசப் பாதுகாப்புன்னு வெறுமனே சொன்னா போதாது, காரணம் காட்டணும்; மறைக்க வேண்டிய வரிகளை மட்டும் மறைச்சுட்டு மீதியைக் கொடுக்க முடியுமான்னு பார்க்கணும்னு அதுல இருக்கு.

தகவல்தோழன்:
அந்த வழக்குல, ஆவணத்தைச் சீலிட்ட உறைல வச்சு ஜட்ஜ்கிட்ட மட்டும் கொடுக்கறதையும் கண்டிச்சாங்களே! எதிர்த்தரப்பு பார்க்காத காகிதத்தை வச்சுத் தீர்ப்பு எழுதுறது என்ன நியாயம்?

சட்டநாதன்:
உளவுத் தகவலைக் கொடுத்தவர் பெயரைத் தெருவில் போட்டால் அடுத்தவர் வாய் திறப்பாரா?

இளந்திரையன்:
இது உளவுத்துறைக் கோப்பு இல்லையே, ஒரு ஊழியர் மேல நடந்த விசாரணை. மனுஷனோட பிழைப்பே போயிருக்கு. எந்தக் காகிதத்தை வச்சு வெளியே அனுப்பினாங்கன்னு அவர் பார்க்க வேண்டாமா?

மணிமாறன்:
சிவில், 2022-ல போட்டது. அபிடவிட் எதுவும் இல்ல, வாயால சொன்னதுதான்.

கயல்:
இதைத்தான் முதல்லயே கேட்டேன்! புதுச் சாட்சியச் சட்டம் வந்த 2024 ஜூலை 1-க்கு முன்னாடியே வழக்கு நிலுவைல இருந்ததால, பழைய சட்டத்தோட 123, 162 (ஆவணத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு வர்றது பத்தினது) பிரிவுகள்தான். புதுச் சட்டத்தோட 129, 165 உங்களுக்கு வராது. அமைச்சரோ செயலாளரோ கோப்பைத் தானே படிச்சு, எந்த ஆவணம், வெளியே வந்தா என்ன கெடுதல்னு அபிடவிட்ல சொல்லணும். வக்கீல் வாய்வார்த்தை போதாது. அதைக் கேட்கச் சொல்லுங்க. ஜட்ஜே கோப்பைப் பார்க்கணும்னு மாற்றாகவும் கேளுங்க. கோப்பு மொத்தத்தையும் கேட்காம, வேண்டிய ஆவணங்களைத் தேதியோட தனித்தனியா குறிப்பிடுங்க.

மணிமாறன்:
வக்கீல்கிட்ட காட்டினேன், நன்றி. அபிடவிட் போட அவங்க டைம் கேட்டாங்க, ஜட்ஜ் கொடுத்துட்டார்.

கயல்:
நகல் வந்ததும் யார் கையெழுத்துன்னு பாருங்க.