சரிவில் கட்டிய வீட்டுக்குக் காப்பீடு: கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். கோத்தகிரி பக்கம் சரிவை வெட்டி, மண் நிரவிக் கட்டிய சொந்த வீடு எங்களுடையது. பின்னால் தடுப்புச் சுவர், கீழே தேயிலை. ஐப்பசி மழைக்கு முன்னால் காப்பீடு எடுக்க, பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியின் விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2021 ஏப்ரலில் வந்த, எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே அடிப்படை விதிகள் கொண்ட வீட்டுக் காப்பீடு அது.

நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ, புயல் எல்லாம் அதில் சேர்த்தி. தடுப்புச் சுவரும் கட்டடக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் நிரப்பிய மண் அமுங்கி இறங்கினால் பணம் கிடையாதாம். நம் ஊரில் பாதி வீடு நிரப்பிய மண்ணில்தானே நிற்கிறது! சரிவா, அமுக்கமா என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எதை வைத்து முடிவு செய்கிறார்? நீலகிரியில் பல இடங்களில் நிலம் சரிந்த 2009 நவம்பர் மழையைப் பார்த்தவர்களுக்கு என் கவலை புரியும்.

அப்புறம், தொகை. ஏஜென்ட் வீட்டின் சந்தை விலையைப் போடச் சொல்கிறார். விதிப்படி நிலத்தின் விலை சேராது, திரும்பக் கட்டும் செலவு மட்டுமே. மணலும் ஜல்லியும் கீழிருந்து ஏறி வர வேண்டும், வண்டி போகாத இடத்தில் சுமைக்கூலி வேறு. சமீபத்தில் கட்டியவர்கள் சதுர அடிக்கு என்ன ஆனது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை தானாகவே வருகிறது. எங்களுக்கு அது போதும்.

சீசனில் மாடி அறையை வாடகைக்கு விடுபவர்கள் அதைப் படிவத்தில் எழுதினீர்களா? கரடி கதவை உடைத்ததற்கு யாராவது க்ளெய்ம் வாங்கியதுண்டா? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

க்ளெய்ம் மறுப்புக் கடிதம் வைத்திருப்பவர்கள் பெயர், பாலிசி எண்ணை மறைத்துப் படம் போடுங்கள், ப்ளீஸ்.