ஆப் எழுத முதல் மொழி: நீங்கள் எதில் தொடங்கினீர்கள்?

கல்லூரியில் ஜாவா படித்திருந்ததால் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது மொழியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கோட்லினை ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ மொழியாக கூகுள் ஏற்றது 2017 மே மாதத்தில்தான். நான் அதற்கு முந்தைய ஆள். பட்டனைத் தொட்டால் ஒரு வரி காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஜாவாவில் பெயரில்லாத ஒரு கிளாஸ் (அனானிமஸ் கிளாஸ்), உள்ளே ஒரு மெத்தட், எல்லாவற்றுக்கும் முன்னால் திரையில் அந்தப் பட்டனைத் தேடிப் பிடிக்க ஃபைண்ட்வியூபைஐடி. கை ஓய்ந்துவிடும்.

கோட்லினில் அதே வேலை இரண்டு வரி. அதைவிட எனக்கு நிம்மதி தந்தது ‘நல்’ (null), அதாவது மதிப்பே இல்லாத காலி நிலை பற்றிய விவகாரம். ஒரு வேரியபிள் காலியாக இருக்கலாம் என்றால் அதன் டைப்புக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டே ஆக வேண்டும். போட்டதைச் சரிபார்க்காமல் தொட்டால் கோட்லினை போனுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரே முன்கூட்டியே பிடித்து நிறுத்திவிடும். ஜாவாவில் இது ஆப் ஓடும்போதுதான் வெடிக்கும், பெரும்பாலும் யாரோ ஒரு பயனரின் போனில்.

மொழி மாறியும் தீராத தலைவலி ஒன்று உண்டு. போனைக் குறுக்கே திருப்பினால் ஆக்டிவிட்டி, அதாவது ஆப்பின் அந்தத் திரை, அழிந்து மறுபடி உருவாகும். சர்வரிலிருந்து இழுத்து வைத்திருந்த பட்டியல் அதோடு போய்விடும். ஜாவாவோ கோட்லினோ, கதை ஒன்றுதான். திரை அழிந்தாலும் அந்தப் பட்டியலைத் தொலையாமல் வைத்திருக்கும் வியூமாடலைப் புரிந்துகொள்ள எனக்கு ஆன காலத்தோடு ஒப்பிட்டால் கோட்லின் இலக்கணம் ஒன்றுமே இல்லை. ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு கோட்லின் என்றுதான் சொல்வேன். ஜாவா, பழைய புரோகிராம்களைப் படிக்கிற அளவுக்குத் தெரிந்தால் சரி.

* * *

ஸ்விஃப்ட் பற்றி யாரும் பேசலையே. ஐபோன் ஆப் எழுத 2014-ல் ஆப்பிள் கொண்டுவந்தது, படிக்க அருமையான மொழி. ஆனா ஐபோனுக்கு ஆப் செய்ய எக்ஸ்கோடுங்கிற ஆப்பிளோட சாஃப்ட்வேர் வேணும், அது மேக்கில் மட்டும்தான் ஓடும். ஆப்பிளோட ஆப் ஸ்டோரில் போட வருஷா வருஷம் 99 டாலர். பிளே ஸ்டோருக்கு ஒரே தடவை 25. என் தம்பி மொழியை முதலில் முடிவு செஞ்சுட்டு அப்புறம் அப்பாகிட்ட மேக் கேட்டான். இப்ப கோட்லின் படிக்கிறான்.

* * *

நான் ஃப்ளட்டர்: ஒரே தடவை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓட்டுற டூல். மாமா மளிகைக் கடைக்குப் பாக்கிக் கணக்கு எழுத ஒரு ஆப் வேணும்னார். என் லேப்டாப்ல ஆப் எழுதுற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும், போன் மாதிரி ஸ்கிரீன்ல ஓடுற எமுலேட்டரையும் ஒண்ணா திறந்தா மவுஸ்கூட நகராது. போனிலேயே ஓட்டிப் பார்க்கலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது: செட்டிங்ஸ்ல பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணிட்டா போதும்.

ஃப்ளட்டர்ல எழுதுற டார்ட் மொழியைத் தனியா உட்கார்ந்து படிக்கலை, எழுத எழுத வந்துருச்சு. ஹாட் ரீலோடு பெரிய வரம்; நிறத்தை மாத்தி சேவ் பண்ணினா உடனே போன்ல மாறும். பட்டன், எழுத்துன்னு திரையில வர்ற எல்லாமே விட்ஜெட்; விட்ஜெட்டுக்குள்ள விட்ஜெட், எந்த அடைப்புக்குறி எதுக்குன்னு தேடுறதுதான் எரிச்சல். சிக்கல் வந்தது புளூடூத் பிரிண்டர்ல. மத்தவங்க எழுதி வச்ச பிளகின் (சேர்த்துக்கிற துணைப் பகுதி) எதுவும் மாமா வச்சிருந்த பிரிண்டரோட ஒத்துப்போகலை. கடைசியில அந்தப் பகுதியை மட்டும் கோட்லின்ல எழுதி, ரெண்டு மொழியையும் பேச வைக்கிற மெத்தட் சேனல் வழியா டார்ட்டோட இணைச்சேன். ஒரே புரோகிராம், ரெண்டு வகை போன்ங்கிறது உண்மைதான். ஆனா ஹார்டுவேரைத் தொட்டா அந்தந்த போனோட மொழிக்குப் போய்த்தான் ஆகணும்.

* * *

ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சவங்க ரியாக்ட் நேட்டிவ் பக்கம் போகலாம்; அதுவும் ரெண்டு வகை போனுக்கும் ஆப் எழுதுறதுதான், புது மொழியே வேண்டாம். அதுக்கும் பிளே ஸ்டோர் விதி ஒண்ணுதான்: 2023 நவம்பர் 13-க்கு அப்புறம் தொடங்கின தனிநபர் கணக்குன்னா, 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டரா இருந்த பிறகுதான் ஆப்பை எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும்.

* * *

அண்ணா, மாமா கடைக்கு அந்த 12 பேரை எப்படிப் பிடிச்சீங்க?

* * *

பிடிக்கவே இல்லை தம்பி. ஓடப்போறது மாமா, அத்தை ரெண்டு பேர் போன்ல. பிளே ஸ்டோர் வழியா போகாம, ஏபிகே ஃபைலை (ஆப்போட இன்ஸ்டால் ஃபைல்) அனுப்பி நேரா இன்ஸ்டால் பண்ணிட்டேன்.