மூன்று சென்ட் சிப்புக்கு அசெம்பிளி எழுதுவது வீண் வேலையா?

காட்பாடி_சர்க்யூட்:
ராணிப்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டுக்கு வாட்டர் டேங்க் கன்ட்ரோலர் போர்டு செய்கிறேன். படாக் நிறுவனத்தின் மூன்று சென்ட் சிப்பான பிஎம்எஸ்150சி, 64 பைட் ராம், நிரலுக்கு 1 கே வேர்டு நினைவகம். சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளியிலேயே எழுதுகிறேன். டேட்டாஷீட்டில் ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று இருக்கிறது, ஆனால் அது எந்த பிட்டுகளாக மாறும் என்று இல்லை. படாக் சிப்புகளுக்குத் திறந்த மூலக் கருவிகள் செய்யும் ஃப்ரீ-பிடிகே ஆட்கள் அதைத் தோண்டி எடுத்து வைத்ததால்தான் நமக்கு வழி பிறந்தது. யாராவது இதில் வேலை செய்திருக்கிறீர்களா?

குடியாத்தத்தான்:
வேண்டாம் தம்பி. அது ஓடிபி, ஒரு தடவை எழுதினால் அவ்வளவுதான், தப்பு வந்தால் சிப்பு குப்பைக்கு. அதற்குப் பதில் சிஎச்32வி003 சிப்பு எடு: 16 கே ஃபிளாஷ், 2 கே ராம், ஜிசிசி கம்பைலரை வைத்து சி மொழியில் எழுதலாம். விலை பத்து சென்ட் பக்கம்தான் வரும், ஒரு ரிலே விலைக்கு முன்னால் அந்த வித்தியாசம் எம்மாத்திரம்? நாளைக்கு நீ பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அந்த யூனிட்காரர் யாரைப் போய்க் கேட்பார்?

காட்பாடி_சர்க்யூட்:
ஓடிபிக்கு வழி இருக்கிறது அண்ணா. படாக்கின் இன்னொரு சிப்பான பிஎஃப்எஸ்154 திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஃபிளாஷ், சோதனையெல்லாம் அதில்தான். அதில் ஒரு கட்டளை 14 பிட், இதில் 13 பிட், ஆனால் கட்டளைப் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றுதான், மறுபடி அசெம்பிள் செய்தால் போதும். இதற்கும் எஸ்டிசிசி கம்பைலரில் சி எழுதலாம், தெரியும். திரும்பி வர வேண்டிய இடத்தைக் குறித்து வைக்கும் ஸ்டாக்கும் அந்த 64 பைட்டுக்குள்ளேயே இருக்கும்போது எந்த பைட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சத்துவாச்சாரி_லேப்:
கட்டளைகளைவிட, சிப்புக்கு நேரத்துடிப்பு தரும் ஆசிலேட்டரைத்தான் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஐஎச்ஆர்சி என்ற ஆர்சி ஆசிலேட்டரை சிப்பில் நிரலை ஏற்றும்போதே அளந்து திருத்தியாக வேண்டும். படாக்கின் சொந்த மென்பொருளில் ஒரு வரி போட்டால் அதற்கான கோடை அதுவே நுழைத்துவிடும், ஃப்ரீ-பிடிகேவில் அந்த இடத்தை நீங்கள்தான் ஒதுக்கி வைக்க வேண்டும், புரோகிராமர் அதை ஓடவிட்டு, அலைவெண்ணைப் பார்த்து, சரியான மதிப்பை எழுதும். இதை விட்டுவிட்டு டைமர் ஓடவில்லை என்று அலைபவர்களே அதிகம்.

குடியாத்தத்தான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்படித் திருத்தினாலும் மே மாதம் வேலூர் மொட்டை மாடியில் அந்தப் பெட்டி கொதிக்கும், ஆர்சி ஆசிலேட்டரின் அலைவெண் நகராமல் இருக்குமா?

காட்பாடி_சர்க்யூட்:
நகரும், நகரட்டும். தண்ணீர் ஏறாமல் மோட்டார் சும்மா ஓடினால் மூன்று நிமிடத்தில் நிறுத்த வேண்டும், அதில் சில நொடிகள் முன்பின் ஆனால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. நேரம் துல்லியமாக இருக்க வேண்டிய யூஏஆர்ட் சீரியல் இணைப்பில் பேசும் போர்டாக இருந்தால் உங்கள் பேச்சைக் கேட்டிருப்பேன் அண்ணா.

குடியாத்தத்தான்:
யூனிட்காரரிடம் சோர்ஸ் கோடைக் கொடுப்பாயா? நீ போய்விட்டால் அவர் யாரைக் கேட்பார் என்றேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.