எழுதத் தெம்பு கொடுத்த ஆள் யார்? உங்கள் அனுபவம்

சத்துவாச்சாரி:
போட்டிக்கு அனுப்ப ஒரு சிறுகதையை டி.டி.பி. கடையில் அடிக்கக் கொடுத்திருந்தேன். அந்தப் பையன் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் பத்திரம் அடித்தாலும் ஒரே முகம்தான். பாதியில் கையை நிறுத்திவிட்டு, "இந்தம்மா ஷூ கம்பெனி வேலைய உட்டுட்டுப் போவுதே, அப்புறம் இன்னா ஆவுது சார்?" என்றான். அடுத்த பக்கத்தில் இருக்குப்பா, அடி என்றேன். அடிக்கவில்லை. தாளை எடுத்து மீதியை முழுக்கப் படித்தான். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் கத்துகிறார்கள், காதிலேயே வாங்கவில்லை. படித்து முடித்ததும், "ஆம்பூர்ல எங்க அத்தைக்கும் இதே கதிதான்" என்று சொல்லிவிட்டு விட்ட வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தான். போட்டியில் கதை தேறவில்லை, அது கிடக்கட்டும். கடை இப்போது மொபைல் ரிப்பேர் கடை. அந்த அத்தைக்கு என்ன ஆனதோ!

குடியாத்தம்:
தம்பி, யாராவது உச்சுக் கொட்டினால்தான் எழுத வருமா? என்னை எழுத வைத்தது ஒரு வசவு. என் கவிதை வந்த சிற்றிதழ் வேலூர் மைய நூலகத்தில் கிடந்தது. ஆசையாகப் புரட்டினால், ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் 'பொய்' என்று எழுதியிருந்தது. தாள் குழியும் அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறார் மகராசன். பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் மனசுக்குள்ளேயே அடுத்த கவிதை தயார்.

பென்ஷன் வாத்தியார், ஆரணி:
இருவருக்கும் சொல்கிறேன். பாராட்டையும் வசவையும் நம்பாதீர்கள். நம் வாலாஜா பக்கத்து வேலத்துக்காரர் மு.வ. திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தர். உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டு, தானாகவே படித்து வித்வான் தேர்வில் தேறினார். 1961-இல் 'அகல் விளக்கு' நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது. ஆகவே விடிகாலையில் எழுதுங்கள், போன் பக்கத்தில் இருக்கக் கூடாது. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும் முன் நகல் எடுத்து வையுங்கள். பதில் வரவில்லை என்று போன் போட்டு நச்சரிக்காதீர்கள், அதற்குள் அடுத்ததைத் தொடங்குங்கள். கதையில் அறிவுரை மட்டும் வேண்டவே வேண்டாம்.
என் அனுபவமா? வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் தூங்கிப்போகிற இடத்தை அடித்துவிடுவேன். அவ்வளவுதான்.

சத்துவாச்சாரி:
ஐயா, கதையில் வேண்டாம் என்கிற அறிவுரையை இங்கே மட்டும் கொட்டலாமா? மு.வ.வுக்கு இருந்த வைராக்கியம் எல்லோருக்கும் வருமா? எனக்கு அந்தப் பையன் போதும். அக்கா, அது என்ன வரி?

குடியாத்தம்:
'தறிச் சத்தம்தான் என் தாலாட்டு'. தறிக்காரர் வீட்டு ஆள் யாரோதான் கோடு போட்டிருக்க வேண்டும். காலில் வலி, கூலியில் பிடித்தம், இதில் தாலாட்டு எங்கே என்று அவருக்குக் கோபம். நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் தறி ஓடியது. அப்பா நெய்ய, குழிப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவள் நான். அடுத்த கவிதையிலும் அதே வரியைத்தான் போட்டேன். பென்சில்காரர் இதைப் படித்தால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.