புதுப்பிப்பு: கல்லூரி வயதில் ஆட்டிசம் மதிப்பீடு, அடுத்து சான்றிதழ்

யாரிடம் மதிப்பீடு செய்வது என்பதோடு முந்தைய இழை நின்றது. அதன்பின் பலரும் கேட்டது: தனியார் உளவியலாளர் அறிக்கை மட்டும் போதுமா? தேர்வுச் சலுகைக்குப் பெரும்பாலும் போதாது. யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் அடையாள அட்டை) தளத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவக் குழுவின் மாற்றுத்திறன் சான்றிதழ் வாங்க வேண்டும்.

அங்கே ஐஎஸ்ஏஏ (ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோல்) வைத்துப் பார்ப்பார்கள்: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், சான்றிதழுக்கு மொத்தம் 70 தொட வேண்டும். சிக்கலே இங்கேதான். சரளமாகப் பேசும், கண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்ட மாணவருக்கு மதிப்பெண் குறைந்துவிடும். ஆகவே சின்ன வயதை அறிந்த அம்மாவையோ அத்தையையோ கூட்டிப் போங்கள். பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டும் கையில் இருக்கட்டும். “சத்தம் பிடிக்காது” என்பதைவிட “மிக்சி ஓடினால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவான்” என்பதுதான் எடுபடும்.

70க்குக் கீழே போனாலும் தனியார் அறிக்கை வீணில்லை. அதைக் காட்டித் துறைத்தலைவரிடம் தேர்வுக்கு அமைதியான அறை கேட்டுப் பார்க்கலாம்.