வளவு முற்றத்துக்குக் கூரை போடலாமா?

(குழு: பெரிய வீட்டுப் பங்காளிகள். வளவுன்னா செட்டிநாட்டு வீட்டுல நடு முற்றமும் அதைச் சுத்தின கட்டும்)

மெய்யப்பன்: [3 படங்கள்] சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியம். ஃபுட்பால் மேட்ச் பாக்க வந்தேன். மேட்சை விட்டுட்டு அண்ணாந்து கூரையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

உமையாள் ஆச்சி: டேங்க் ரோடு முருகனைப் பாத்தியா, அதை மொதல்ல சொல்லு

மெய்யப்பன்: காலைலயே போயிட்டு வந்துட்டேன் ஆச்சி. உங்க பேருக்கும் அர்ச்சனை ஆச்சு 🙏

பெரியப்பச்சி: தூண் எங்கப்பா? மூணு படத்துலயும் தேடிட்டேன்.

மெய்யப்பன்: உள்ள ஒரு தூணும் இல்லை பெரியப்பச்சி. குறுக்க 310 மீட்டர். அத்தனையும் இரும்பு வளைவு, பாரமெல்லாம் சுத்தி ஓரத்துல இருக்கற கான்கிரீட் வளையத்துல இறங்குது. 2014ல திறந்தது.

மெய்யப்பன்: [படம்] இது பக்கத்துலயே இண்டோர் ஸ்டேடியம். கூம்பு கூரை. ஜப்பான்காரர் கென்சோ டாங்கே வடிவமைச்சது, 1989. இதுலயும் உள்ள தூண் கிடையாது.

அழகு: நம்ம வளவுல திரும்பின பக்கமெல்லாம் பர்மா தேக்கு நிக்குது 😄

பெரியப்பச்சி: தேக்கு மேல கை வைக்காதே. மேல பேசு.

உமையாள் ஆச்சி: இவ்வளவு பெருசா மூடினா உள்ள புழுங்காதா?

மெய்யப்பன்: மேலதான் ஆச்சி மூடி இருக்கு. ஊரைப் பாத்த பக்கம் லாட வடிவத்துல திறந்தே விட்டிருக்காங்க, உக்காந்த இடத்துலருந்தே தண்ணியும் அந்தப் பக்கத்துக் கட்டடமும் தெரியுது. குளிர்காத்து உக்கார்ற படிக்கு அடியிலருந்து வருது. செருப்பைக் கழட்டினா கணுக்கால்ல சில்லுனு படுது. 55,000 பேர் உக்கார்ற இடம், மொத்தத்துக்கும் ஏசி போட்டா கட்டுப்படியாகுமா? ஆள் இருக்கற இடம் குளுந்தா போதும்னு கணக்கு.

மெய்யப்பன்: நடுக்கூரை மட்டும் நகரும். கண்ணாடி இல்லை, ஈடிஎஃப்இங்கற பிளாஸ்டிக் படலம், உள்ள காத்தடைச்சது. மழை வந்தா அரை மணிக்குள்ள மூடிடலாம்.

அழகு: நானும் இதைத்தானே சொல்றேன்! நம்ம முற்றத்துக்கும் பாலிகார்பனேட் ஷீட் போட்டுடலாம். சாரல் இல்லை, குரங்கு தொல்லை இல்லை.

உமையாள் ஆச்சி: அப்பத்தா பக்கத்துல இருக்காக, படிச்சுக் காட்டினேன். "அப்ப வத்தல எவன் தலையில காயப்போடுறது"ன்னு கேக்குறாக

அழகு: மொட்டை மாடில போடலாம் அப்பத்தா

உமையாள் ஆச்சி: "ஏணில நீ ஏறிப் போடு"ங்குறாக

மெய்யப்பன்: அழகு, அவசரப்படாதே. இங்கயே கூரையால அடி வாங்கியிருக்காங்க. திறந்த வருஷம் புல்லு சரியாப் பிடிக்கலை, போதுமான வெயில் விழலைன்னாங்க. பிரேசில் ஜப்பான் ஆட்டத்துக்கு நெய்மார் வந்து நாலு கோல் போட்டுட்டுப் போனாரே, அப்பவும் தரையைப் பத்தித்தான் பேச்சு. அப்புறம் வேற இடத்துல வளத்த புல்லைப் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டாந்து விரிச்சாங்க.

உமையாள் ஆச்சி: துளசிக்கும் அதே கதிதான் அப்ப

பெரியப்பச்சி: நல்லாக் கேட்டுக்க அழகு. முற்றம் வெளிச்சத்துக்கு மட்டும் விட்டதில்லை. ரெண்டாங்கட்டுல அடுப்பெரிஞ்சாலும், விசேஷத்துக்கு நூறு பேர் கூடினாலும், சூடு மேலே ஏறி அது வழியாத்தான் வெளியே போகும். ஷீட்டை ஓட்டோட ஒட்டி அடிச்சா பட்டாலைத் திண்ணையில உக்கார முடியாது. ஓட்டுத் தண்ணி முற்றத்துல விழுறதையும் மறிக்கக் கூடாது.

அழகு: அப்ப வேணாமா?

பெரியப்பச்சி: வேணாம்னு சொல்லலை. ஓட்டுக்கு மேல ரெண்டடி தூக்கி, நாலு பக்கமும் காத்துப் போக விட்டுப் போடு. குரங்குக்குக் கம்பி வலை. நடுவுல ஒரு பாகம் தள்ளித் திறக்கற மாதிரி, வத்தலுக்கு.

உமையாள் ஆச்சி: அப்பத்தா சரிங்குறாக. புள்ளிக்கு, அதான் ஒரு குடும்பத்துப் பங்குக்கு, எவ்வளவு வரும்?

அழகு: வெல்டிங்காரருக்கு மெய்யப்பண்ணன் படத்தை அனுப்பினேன். இந்த உயரத்துக்குச் சாரம் கட்டத் தனிக் கூலியாம்.

பெரியப்பச்சி: நம்ம முற்றத்துப் படத்தை அனுப்புடா!