பெருங்குடல் புற்றுநோய்க்கான மருத்துவ ஆய்வுகள்: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வந்த பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. ஆக்சாலிபிளாட்டின் கலந்த கீமோ சிகிச்சையால் அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. மேலாடைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிடுகிறேன். அடுத்து என்ன என்று கேட்டபோது, புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளையும் தேடிப் பார்க்கும்படி மருத்துவர் சொன்னார்.

மருத்துவ ஆய்வுகளைப் பட்டியலிடும் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் (ClinicalTrials.gov) இணையப் பதிவேட்டில் மூன்று இரவுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் கட்ட ஆய்வு பாதுகாப்பையும் மருந்தின் அளவையும் கண்டறிவதற்கானது என்பதும், மூன்றாம் கட்டத்தில் புதிய சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் புரிகின்றன. சேர்வதற்கான தகுதி விதிகளில்தான் தடுமாறுகிறேன். புற்றுநோய்க் கட்டியில் கேராஸ் (KRAS) என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களைச் சில ஆய்வுகள் தேடுகின்றன, சில தவிர்க்கின்றன; எம்எஸ்ஐ (MSI) நிலையையும், அதாவது கட்டியின் செல்களில் டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் திறன் குறைந்திருக்கிறதா என்பதையும், கேட்கிறார்கள். அக்காவின் திசுப் பரிசோதனை அறிக்கையில் இவை இரண்டுமே இல்லை. பழைய திசு மாதிரியை வைத்தே இவற்றைப் பரிசோதிக்க முடியுமா, புதிதாகத் திசு எடுக்க வேண்டியிருக்குமா?

நரம்பு மரப்பு இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்ட ஆய்வுகளை யாரேனும் அறிவீர்களா? கடைசி கீமோவுக்குப் பின் எத்தனை வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்? "ஆள் சேர்க்கப்படுகிறது" என்று குறிப்பிட்டிருந்தும், விசாரித்தால் இடமில்லை என்ற பதில் உங்களுக்கும் வந்ததா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படித்தேன். அதை அக்காவிடம் சொன்னதும் அவர் முகம் சற்றுத் தெளிந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களோ, உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களோ, முதல் சந்திப்பில் நாங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதினால் பேருதவியாக இருக்கும். அடுத்த ஸ்கேனுக்கு இரண்டு வாரங்களே உள்ளன.